கலிங்கில் வைத்த ஏழு கல்

கரட்டுப்புதூருக்குப் போய் மயில்சாமி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கன்னிமாரு மேல கடப்பாரையத் தூக்குனாரே, அவருங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வழி காட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான். ஊர் ஓடைக்கு மண் அணை வந்ததே அவரால்தான் என்று ஒருவர் வாயிலும் வராது. அந்தக் கன்னிமாரை அங்கே வைத்ததும் அவர்தான் என்பது சுத்தமாக மறந்துபோயிருக்கும்.

நான் மயில்சாமியின் மச்சினன். என் அக்கா செல்லாயியைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறோம். வெண்ணந்தூரில் தறி ஓட்டிப் பிழைக்கிறவன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகிவிட்டதால், இதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்ல வரும். காது வலிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

மச்சானுக்குப் பாகத்தில் வந்தது ஓடைக்காடு. அண்ணன் தம்பிகள் நிலம் பிரிக்கும்போது நல்ல காடு யாருக்குப் போகும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். சீட்டுக் குலுக்குவதெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்களுக்காக. அண்ணன்மார் மேட்டுக்காட்டைக் கிணற்றோடு எடுத்துக்கொண்டார்கள். கடைசித் தம்பிக்கு ஓடையை ஒட்டிய நிலம் விழுந்தது. மண் என்னவோ அருமையான மண்தான். மரவள்ளி நட்டால் கிழங்கு தொடை மொத்தத்துக்கு இறங்கும், கடலை போட்டால் செடி பிடுங்கும்போதே கொத்தாக வரும். ஆனால் அந்த மண் அங்கேயே இருந்தால்தானே?

அலவாய் மலையில் மழை பெய்தால் போதும். கரட்டுப்புதூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓடையில் செந்தண்ணீர் சீறிக்கொண்டு வரும். வருகிற வேகத்தில் கரையின் அடியைக் குடைந்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் வடிந்து, எல்லாம் முடிந்தது என்று ஆட்கள் சோற்றுக்கு உட்காரும்போது, மேலே நிற்கிற மண் பாளம் பாளமாகப் பிளந்து ஓடைக்குள் சரியும். நான் அக்காவுக்குத் தீபாவளிச் சீர் கொண்டுபோன காலத்தில் காட்டுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு பனைவரிசை இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, கடைசியில் அந்த வரிசை நின்ற இடமே ஓடையாகிவிட்டது. பட்டாவில் இருக்கிற நிலத்தில் பாதி, தண்ணீர் போகிற பள்ளத்தில் கிடந்தது.

மச்சான் சும்மா இருக்கவில்லை. கருங்கல் கொட்டினார். கற்றாழை நட்டார். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட டயர்களை ஏற்றிவந்து, மண் நிரப்பி, கரையோரம் அடுக்கினார். அடுத்த மழையில் ஓடை அத்தனை டயரையும் அள்ளிக்கொண்டுபோய் எதிர்க்கரையில் சென்னிமலையின் மரவள்ளிக் காட்டுக்குள் போட்டது. சென்னிமலை அந்த ஊரில் பெரிய தலை. கோழிப்பண்ணை இருக்கிறது, லாரி ஓடுகிறது, கோயில் காரியம் என்றால் முதலில் வந்து நிற்பார். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் நிலத்தில் ஒரு சாண் தொடாதவரை நானும் அதையே சொல்வேன். டயருக்காக அன்றைக்கு அவர் போட்ட சத்தம் வெண்ணந்தூர் வரை கேட்டிருக்கும்.

அதற்கப்புறம்தான் மச்சான் அணை, அணை என்று அலையத் தொடங்கினார். எந்த அதிகாரி ஊருக்குள் வந்தாலும் பின்னாலேயே போய் நின்றார். ஊரில் 'அணைக்காரர்' என்று கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சௌந்தர்யா என்று ஒரு பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண்; ஓடைக்குள் இறங்கி, சரிந்த கரையைத் தடவிப் பார்த்து, இங்கே ஒரு சிறிய மண் அணை போட்டால் தண்ணீர் வேகம் குறையும், கொண்டுவருகிற வண்டலை இங்கேயே இறக்கிவிட்டு மெதுவாக நடந்து போகும், கரையைத் தின்னாது என்றார். தண்ணீர் நடந்து போகும் என்ற அந்த வார்த்தையை மச்சான் எத்தனை பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

மண் அணைக்குக் கலிங்கு முக்கியம். அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே போக ஓரமாக விடுகிற வழிதான் கலிங்கு. எதிர்க்கரையில் வைக்கலாம் என்று அந்தப் பெண் முதலில் சொன்னார். சென்னிமலை சிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டார், கிழங்கு நட்டிருக்கிறது என்றார். அதனால் கலிங்கு மச்சான் பக்கம் வந்தது. ஏற்கெனவே ஓடைக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்தவர், இருந்ததிலும் ஒரு மூலையைக் கலிங்குக்குக் கொடுத்தார். தட்டையான கல் பாவி, அழகாகச் சரிவு கொடுத்து, தண்ணீர் காட்டைத் தொடாமல் கீழே போய் ஓடையில் சேரும்படி கட்டினார்கள். நூறு நாள் வேலைப் பெண்கள் மண் சுமந்தார்கள். மச்சான் வெயில் முழுக்க அங்கேயே கிடந்து அவர்களோடு திமிசு போட்டு மண்ணை இறுக்கினார்.

வேலை முடிந்து கிளம்பும்போது சௌந்தர்யா அவரைக் கூப்பிட்டு, "ஐயா, இந்தக் கலிங்கு வாயை மட்டும் எப்பவும் அடைக்க விட்டுராதீங்க. மண் கரை மேல தண்ணி ஏறிடுச்சுன்னா கரை நிக்காது, கரைஞ்சு போயிரும்" என்று சொன்னார். மச்சான் தலையாட்டினார். அதைப் புரிந்துகொள்ள முடியாத ஆளில்லை அவர்.

முதல் மழைக்கே அணை நிறைந்தது. மலையிலிருந்து சீறி வந்த தண்ணீர் கரையில் முட்டி, சுற்றிப் பார்த்து, அடங்கி நின்றது. பிறகு கலிங்கில் மெல்லிசாக வழிந்தது. ஊரே வந்து பார்த்தது. எனக்குப் போன் வந்தது; தறியை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் அணையைப் பார்க்கவில்லை. காட்டோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகும் அந்தி சாயும்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு பிடி மண் சரியவில்லை.

"ஒரு பிடி மண்ணு உழுவுல மாப்ள" என்றார் என்னிடம். அந்த முகத்தை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம்தான் வினையாகிப் போனது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் நிற்கிற இடத்தைக் கன்னிமார் இல்லாமல் விடமாட்டார்கள். மரத்தடியிலோ கரையோரத்திலோ வரிசையாக ஏழு கல். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தால் ஏழு கன்னிமார். மழைக்கும், கல்யாணத்துக்கும், பிள்ளைக்கும் பெண்கள் அங்கேதான் மடியேந்துவார்கள். புதுத் தண்ணீர் வந்திருக்கிறது, சாமி இல்லாமல் எப்படி என்று அக்கா கேட்டாள். மச்சானும் ஆமாம் என்று ஓடையில் இறங்கி, உருண்டு மழமழத்த ஏழு கல்லை அவரே பொறுக்கி எடுத்தார். எங்கே வைப்பது? கரை மேல் ஆள் நடக்கிறது. தண்ணீரோரம் சேறு. கலிங்கு வாயில் தட்டையாகக் கல் பாவிச் சுத்தமாக இருக்கிறது. முதல் தண்ணீர் கண்முன்னால் வழிந்த இடம். அதுவும் அவர் கொடுத்த நிலம். அங்கே வைத்தார்.

அடைக்கக் கூடாது என்று சொன்னார்களே என்று நான் கேட்டேன். தேங்காய் அளவு கல் ஏழு வைத்தால் தண்ணீர் நின்றுவிடுமா, சாமி கொஞ்சம் நனையும், அவ்வளவுதான் என்றார். அதிலும் தப்பில்லை. மறு மழைக்கு அந்த ஏழு கல்லையும் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஜோராகத்தான் போனது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு சாமியை வைத்துவிட்டால் பிறகு நகர்த்த முடியாது; வைத்த சாமி வைத்த அளவிலேயே இருக்கவும் இருக்காது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும், சந்தோஷத்தில் மறந்துபோனார்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அங்கே பொங்கல் வைத்தார்கள். சாமியை வைத்தவர் என்று மச்சானுக்குத் தலைப்பாகை கட்டி, அணைத் தண்ணீரில் முதல் குடம் எடுத்து ஊற்றும் மரியாதையைக் கொடுத்தார்கள். கடைசித் தம்பியாகப் பிறந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, கடைசிப் பங்கை வாங்கிய மனிதர். தலைப்பாகையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் நடையே மாறிப்போயிருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அக்கா மகள் தமிழினியைச் சேந்தமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. மாமியார் வீட்டில் பேச்சு தடிக்க ஆரம்பித்த சமயம், அக்கா அந்தக் கன்னிமார் முன்னால் போய் ஈரச்சேலையோடு விழுந்து மடியேந்தினாள். அடுத்த ஆடிக்குத் தமிழினி மடியில் பெண் குழந்தை. அதற்கப்புறம் அக்காவுக்கு அது கல்லில்லை. அந்தக் குழந்தையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நம்பினாள்.

சேதி பரவியது. சென்னிமலையின் மகன் நவீன்குமாருக்கு வெகு காலமாகப் பெண் கிடைக்காமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் காடு தோட்டம் லாரி எல்லாம் வைத்துக்கொண்டு பெண் கிடைக்காமல் தலை நரைத்துப் போகிற பையன்கள் ஏராளம். சென்னிமலை வேண்டிக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு பெண் அமைந்தது. அவர் வேண்டுதலை நிறைவேற்ற இறங்கினார். முதலில் மேடை. பிறகு டைல்ஸ். பிறகு தகரக் கூரை. டைல்ஸ் ஒட்டியதும் அந்த இடத்தைப் பார்த்தால் கலிங்கு என்று யாருக்கும் தோன்றாது. சேலத்தில் புதிதாகத் திறந்த கடை வாசல் மாதிரி இருந்தது.

இதெல்லாம் நடந்தபோது மழையும் பொய்த்துவிட்டது. தொடர்ந்து சில வருஷம் அணைக்குள் ஆடு மேய்ந்தது. கலிங்கில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்த கண்களே அதை மறந்துபோயின. மேடை கட்டும்போது மச்சான் வாய் திறக்கவில்லை. ஓரமாகத் தண்ணீர் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆடும் நாயும் உள்ளே வருகிறது, சுற்றுச்சுவர் எழுப்பலாம் என்று சென்னிமலை ஊர்க்கூட்டத்தில் சொன்னபோதுதான் எழுந்து நின்றார்.

"அண்ணா, அது தண்ணி போற வாயிங்க. செவுரு வெச்சா தண்ணி எங்கீங்க போகும்?"

"வந்தாத்தான மயிலு போறதுக்கு" என்றார் சென்னிமலை.

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா கன்னிமாரு பாத்துக்கும். நீ வெச்ச சாமியப்பா. உனக்கே நம்பிக்கையில்லீன்னா ஊருக்கு எப்புடி இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. அப்படியானால் எதிர்க்கரையில் உங்கள் காட்டோரம் இன்னொரு வாய் வெட்ட விடுங்கள் என்று மச்சான் கேட்டார். அது வேறு பேச்சு என்று சென்னிமலை சொன்னார். சாமிக்கு மச்சான் நிலம், தண்ணீருக்கும் மச்சான் நிலம், சென்னிமலைக்குப் பேர். மச்சான் அத்தோடு விடாமல் சௌந்தர்யாவுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் அதற்குள் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார். இருந்தும் பதறிப்போய், இங்கே வந்திருப்பவரிடம் பேசினார். புதிதாக வந்தவர் ஒருநாள் வந்தார். சுவருக்குக் கடைக்கால் வெட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். ஜீப் இன்ஜினை நிறுத்தாமலேயே, உள்ளூர் விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள்ளும் மச்சானுக்கு ஆதரவில்லை. சாமி காரியத்தில் குறுக்கே நின்றால் குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி, அக்கா சோறு போடுவதோடு நிறுத்திக்கொண்டாள். சுவர் எழும்பியது. பக்கவாட்டில் கிரில் கேட் வைத்தார்கள், வாசலில் உயரமாகப் படி கட்டினார்கள். கலிங்கு என்று ஒன்று அந்த ஊரில் இல்லாமல் போனது.

மழை ஒரு ஐப்பசியில் வந்தது. அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். தீபாவளிக்குத் துணி கொடுக்கப் போனவன், மழை விடாமல் பிடித்துக்கொள்ளவே தங்கிவிட்டேன். மலையிலும் பெய்கிறது, இங்கேயும் பெய்கிறது. காலையில் காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் அணை கழுத்துவரை நிற்கிறது. தண்ணீர் கலிங்கைத் தேடி வந்து சுவரில் முட்டி, போக்கில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. கரை விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

மச்சான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். ஓடையைப் பார்த்த கீழ்ச் சுவரில் முதலில் வழி செய்துவிட்டு, பிறகு அணைப் பக்கச் சுவரை உடைத்தால் தண்ணீர் தன் பழைய வழியிலேயே போய்விடும். கரையும் நிற்கும், காடும் நிற்கும். ஓடிவரும்போதே மூச்சிரைக்க இதை எனக்குச் சொன்னார். கோயிலுக்குள் ஊர்ப் பெண்கள் நின்று, மழையை நிறுத்தச் சொல்லிக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான் உள்ளே நுழைந்து கீழ்ச் சுவரின் அடியில் ஓங்கி ஒன்று போட்டார். காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

சென்னிமலையும் ஆட்களும் பாய்ந்து வந்து பிடித்தார்கள். நான் இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளினேன். என் சட்டையும் கிழிந்தது. மச்சான் அவர்களை உதறினார். உழைத்து முறுக்கேறிய உடம்பு, அந்த வயசிலும் மூன்று பேருக்கு அடங்கவில்லை. மறுபடி கடப்பாரையை ஓங்கினார். அப்போதுதான் அக்கா வந்து அந்த இடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள்.

"ஏனுங்க, இது நானு மடியேந்தி வாங்குன புள்ளைங்க. காடு போனாப் போவட்டும். இந்தச் செவுத்துல கை வெச்சு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்பறம் நானு எதுக்குங்க உசுரோட இருக்கோணும்?"

அவள் கத்தவில்லை. கெஞ்சினாள். மழைத் தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து முகத்தில் ஓடின.

மச்சான் ஓங்கிய கையோடு அவளைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பார்த்தார். ஊரையே உதறித் தள்ளத் தெரிந்தவருக்கு அந்த ஒருத்தியைத் தள்ள முடியவில்லை. பேத்தியின் பேரைச் சொன்ன பிறகு எந்த மனிதனால் முடியும்? கடப்பாரையைக் கீழே போட்டார்.

"வாங்க மாப்ள, மாட்டையாச்சும் அவுத்துடலாம்" என்றார்.

நாங்கள் கட்டுத்தறியில் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போது அணைக்கரையின் நடுவில் தண்ணீர் மேலே ஏறியது. முதலில் விரல் மொத்தத்துக்கு ஒரு நூல்தான் இறங்கியது. சின்னப் பிள்ளைகூடக் காலால் அடைத்துவிடலாம் போலிருந்தது. அந்த நூல் தனக்கு ஒரு வாய்க்கால் பிடித்தது, வாய்க்கால் அகன்றது, பிறகு கரை அப்படியே கரைந்து விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மச்சான் மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி, தன் காடு போவதை மேட்டிலிருந்து பார்த்தார். அணை இல்லாத காலத்தில் ஓடை வருஷத்துக்கு ஒரு வாய் தின்றது. அன்றைக்கு முழுதாக விழுங்கிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். மேல் மண் ஒரு பிடி இல்லை. ஓடைக்கல்லும் சுக்கான்பாறையுமாகப் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீருக்காக அவர் தரையோடு தரையாக இறக்கியிருந்த போர்வெல் குழாய், சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய், ஆள் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. தன் நிலம் எந்த மட்டத்தில் இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் மிச்சம். மச்சான் போய் அதன் தலையை எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கரை போய்விட்டது, கோயில் அசையவில்லை. கல் பாவிய தரையில் கட்டியதாயிற்றே, எப்படி அசையும்? ஆனால் ஊர் அப்படிப் பார்க்கவில்லை. எல்லாம் போயும் கன்னிமார் மட்டும் நின்றது என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ராசிபுரத்திலிருந்தெல்லாம் வந்து கும்பிட்டுப் போனார்கள். கடப்பாரையைத் தூக்கியவன் காடு மட்டும் போயிருக்கிறது பாருங்கள் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சொல்ல, அதுவே சரித்திரமாகிவிட்டது. நான் சண்டைக்குப் போனேன். எத்தனை பேரோடு போவது?

மறுபடி அணை கட்டித் தர அதிகாரிகள் முன்வந்தார்கள். கலிங்கை முதலில் திறந்து விடுங்கள் என்றார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். சாமியைக் கலைத்து அணை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்த அணை யாருக்காக வந்ததோ அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பேசியிருக்க மாட்டார். அப்போது அவர் சென்னிமலையின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சென்னிமலைதான் பெரிய மனசு பண்ணி வேலை கொடுத்தார் என்று ஊர் மெச்சியது. வெண்ணந்தூருக்கு வந்துவிடுங்கள், தறிப் பட்டறையில் ஏதாவது பார்க்கலாம் என்று நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேன். காட்டை விட்டு எப்படி மாப்ள வருவது என்று கேட்டார். எந்தக் காடு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

போன ஆடிப் பதினெட்டுக்கு விமரிசையாகப் பொங்கல் வைத்தார்கள். மைக்செட், சீரியல் பல்பு, எல்லாம். முதல் குடம் மயில்சாமியே எடுக்கட்டும், சாமி அவரை மன்னித்துவிட்டது என்று சென்னிமலை அறிவித்தார். மச்சான் மாட்டேன் என்றார். ஊரோடு ஒத்துப்போய்விடுங்கள், குழந்தைக்காகவாவது வாருங்கள் என்று அக்கா கையைப் பிடித்தாள். போனார். தலைப்பாகை கட்டினார்கள். அணையில் எடுக்க வேண்டிய தண்ணீர், அணை ஏது? சென்னிமலை தன் டிராக்டரில் டேங்கர் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதன் குழாயில் குடத்தைப் பிடித்து, தோளில் வைத்து, உள்ளே போய் ஏழு கல்லின் மேலும் ஊற்றினார்.

அவருக்குப் பின்னால் ஊரே வரிசையாகக் குடம் குடமாக ஊற்றியது. தண்ணீருக்கு டைல்ஸ் தெரியுமா, கூரை தெரியுமா? அது தன் பழைய சரிவில் இறங்கிக் கீழ்ச் சுவரில் போய் முட்டி நின்றது. நிற்க நிற்கப் பெருகியது. பெண்களின் சேலைக் கரை நனைந்தது. நவீன்குமாரின் மனைவி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். கீழே வைத்திருந்த பொங்கல் பாத்திரத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறியது.

"ஏப்பா, அந்தச் செவுத்தடியில ஒரு ஓட்டையப் போட்டு உடுங்கப்பா" என்றார் சென்னிமலை.

ஒரு பையன் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தான். அது மச்சானின் கடப்பாரை. அன்று போட்டுவிட்டு வந்ததை அவர் திரும்பப் போய் எடுக்கவேயில்லை. பந்தல் கால் நட அது அங்கேயே உதவிக்கொண்டிருந்தது. கீழ்ச் சுவரில் ஏற்கெனவே காரை பெயர்ந்திருந்த இடம் வாகாக இருந்ததால், பையன் அதிலேயே குத்தினான். நாலு குத்தில் செங்கல் வெளியே விழுந்தது. தேங்கிய தண்ணீர் சலசலவென்று வெளியேறி ஓடையில் இறங்கியது. யாருக்கும் அருள் வரவில்லை. யாரும் தடுத்துக் குறுக்கே நிற்கவில்லை. மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, பொங்கல் நனையவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

மச்சான் காலிக் குடத்தோடு அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு பக்கத்தில் நின்ற அக்கா பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாத்தியா புள்ள. சாமி ஒண்ணுஞ் சொல்லுல."

அக்கா அன்றைக்கு முதுகை ஒட்டி நின்ற அதே இடத்தில் தண்ணீர் போவதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாமி வந்துவிட்டது என்று நினைத்துப் பெண்கள் ஓடிவந்து அவளுக்குத் திருநீறு பூசினார்கள்.

மச்சான் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, பண்ணைக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினார்.